எதிரணிக்காரரின் புத்தக அலமாரி: அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வளர்ந்த வரலாறு

வாஷிங்டன் நகரில், நாடாளுமன்றம் கூடும் கேப்பிடல் மாளிகைக்கு அருகே மூன்று பெரிய கட்டடங்கள் நிற்கின்றன. ஒன்றுக்கு ஜான் ஆடம்ஸ் பெயர். மற்றொன்றுக்குத் தாமஸ் ஜெஃபர்சன் பெயர். மூன்றாவதற்கு ஜேம்ஸ் மேடிசன் பெயர். மூவரும் அமெரிக்க அதிபர்களாக இருந்தவர்கள். ஆடம்சும் ஜெஃபர்சனும் 1776இல் விடுதலைப் பிரகடனத்துக்காகத் தோளோடு தோள் நின்றார்கள். 1800இல் அதிபர் தேர்தலில் எதிரெதிரே நின்றார்கள். இன்று அவர்கள் பெயர் தாங்கிய கட்டடங்களுக்கு நடுவே ஒரே ஒரு தெருதான். தெருவுக்கு அடியில் சுரங்க வழி இருக்கிறது. ஆடம்ஸ் கட்டடத்துப் புத்தகத்தை ஜெஃபர்சன் கட்டடத்து வாசகர் கேட்டால், அது அந்த வழியே அவரிடம் போய்ச் சேரும்.

காங்கிரஸ் நூலகம் என்று உலகம் அறிந்த இந்த நிறுவனத்துக்கு வயது இரண்டே கால் நூற்றாண்டு. இதன் சேகரிப்பில் இருப்பவை 17 கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள். அமெரிக்க அரசியலில் நடந்த ஒவ்வொரு மோதலும், நாடு தன் எல்லையை விரித்த ஒவ்வொரு கட்டமும் இந்த அலமாரிகளில் ஒரு தட்டைச் சேர்த்திருக்கின்றன. சண்டையிட்ட இரு தரப்பாரின் நூல்களும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்ததால்தான் இது பெரிய நூலகமாயிற்று. நூலகத்தை நேசிக்கும் நாம் இந்த மலரில் அதை நினைத்துப் பார்ப்பது பொருத்தம்.

பெட்டிகளில் வந்த 740 நூல்கள்

அமெரிக்க அரசு பிலடெல்பியாவிலிருந்து, இன்னும் கட்டி முடியாத வாஷிங்டனுக்குக் குடிபெயர வேண்டிய ஆண்டு 1800. புதிய தலைநகரில் நல்ல தெருவும் இல்லை, புத்தகக் கடையும் இல்லை. உறுப்பினர்கள் சட்டம் இயற்ற எந்த நூலைப் புரட்டுவார்கள்? அந்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று ஆடம்ஸ் கையெழுத்திட்ட இடமாற்றச் சட்டத்திலேயே நூல்கள் வாங்க 5,000 டாலர் ஒதுக்கப்பட்டது. நூல்களை லண்டனிலிருந்து வரவழைத்தார்கள். எந்த நாட்டோடு போரிட்டு விடுதலை பெற்றார்களோ அந்த நாட்டின் புத்தகக் கடையில்தான் புதிய குடியரசின் முதல் நூல்கள் கிடைத்தன. 740 நூல்களும் மூன்று நிலப்படங்களும் 1801இல் பெட்டிகளில் வந்து இறங்கின.

அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. 1800 தேர்தலில் ஆடம்சின் பெடரலிஸ்ட் கட்சி தோற்றது. வென்ற அணியிலோ ஜெஃபர்சனுக்கும் அவருடைய கூட்டாளி ஆரன் பர்ருக்கும் ஆளுக்கு 73 வாக்குகள் விழுந்து சமநிலை ஏற்பட்டது. பிரதிநிதிகள் சபையில் 36 முறை வாக்கெடுத்த பிறகே, 1801 பிப்ரவரி 17 அன்று ஜெஃபர்சன் அதிபர் என்று முடிவாயிற்று. ஒரு கட்சியிடமிருந்து எதிர்க்கட்சிக்கு ஆட்சி அமைதியாகக் கைமாறியது அந்த நாட்டில் அதுவே முதல் முறை. ஆடம்ஸ் தொடங்கிய நூலகத்தை ஜெஃபர்சன் கைவிடவில்லை. 1802 ஜனவரியில் அதற்கென்று தனிச் சட்டம் கண்டு, நூலகர் என்ற பதவியை உருவாக்கினார். நூலகரை அதிபரே நியமிப்பார் என்று அச்சட்டம் வகுத்தது. நூலகம் நாடாளுமன்றத்தினுடையது, நூலகரோ அதிபர் நியமித்த ஆள். இந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

முதல் நூலகர் ஜான் பெக்லி. சிறுவனாக இங்கிலாந்திலிருந்து வர்ஜீனியாவுக்கு ஒப்பந்த வேலையாளாக வந்து, எழுத்தராகிப் படிப்படியாக உயர்ந்தவர். ஜெஃபர்சனுக்காகத் தேர்தல் வேலை பார்த்த தீவிரக் கட்சிக்காரர். பிரதிநிதிகள் சபையின் செயலர் வேலையோடு நூலகர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். பணி செய்யும் நாளுக்கு இரண்டு டாலருக்கு மேல் ஊதியம் இல்லை.

தீயும் பேரமும்

1803இல் ஜெஃபர்சன் பிரான்சிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு லூசியானா நிலப்பரப்பை வாங்கினார். நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. வாங்கிய நிலத்தின் எல்லை எதுவென்று பத்திரத்தில் தெளிவாக இல்லை. விடை தேடி அவர் புரட்டியது மாண்டிசெல்லோ என்ற தம் வீட்டில் இருந்த சொந்த நூல்களை. பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அந்த நூல்களில் பழைய பயண நூல்களும் நிலப்படங்களும் நிறைய இருந்தன. நாட்டின் எல்லையை அறிய அதிபரின் வீட்டு அலமாரிக்குப் போக வேண்டியிருந்தது என்றால், அரசு நூலகம் அன்று எவ்வளவு சிறியது என்று ஊகிக்கலாம்.

1812இல் பிரிட்டனோடு மீண்டும் போர் மூண்டது. 1813 ஏப்ரலில் அமெரிக்கப் படை கனடாவின் யார்க் நகரைப் பிடித்தபோது அங்கிருந்த நாடாளுமன்றக் கட்டடங்கள் எரிந்தன. அந்த நகரம்தான் இன்றைய டொராண்டோ. 1814 ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் நுழைந்து கேப்பிடல் மாளிகைக்குத் தீ வைத்தது. உள்ளே இருந்த சுமார் 3,000 நூல்களும் சாம்பலாயின. அன்றைய நூலகர் பேட்ரிக் மக்ரூடர் உடல்நலம் குன்றி ஊரில் இல்லை. அதற்காகப் பழி சுமந்து, சில மாதங்களில் பதவி விலகினார்.

செய்தி மாண்டிசெல்லோவுக்கு எட்டியது. ஜெஃபர்சன் அப்போது ஓய்வுபெற்ற முதியவர். கடன் சுமையும் இருந்தது. செப்டம்பர் 21 அன்று நண்பர் சாமுவேல் ஹாரிசன் ஸ்மித்துக்கு எழுதிய கடிதத்தில், தம் நூலகம் முழுவதையும் நாடாளுமன்றத்துக்குத் தர முன்வந்தார். விலையை அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்றார். சட்டம் இயற்றுகிறவர்களுக்குத் தேவைப்படாத துறை என்று எதுவும் கிடையாது என்று அந்தக் கடிதத்தில் வாதிட்டார். 6,487 நூல்களுக்கு 23,950 டாலர் என்று விலை முடிவாயிற்று.

சபையில் புயல் கிளம்பியது. பெடரலிஸ்டுகளுக்கு இது பழைய எதிரியின் புத்தகக் குவியல். பிரெஞ்சு நூல்கள் எதற்கு, சமயத்தை மறுக்கும் தத்துவ நூல்கள் எதற்கு என்று கேட்டார்கள். மாசசூசெட்ஸ் உறுப்பினர் சைரஸ் கிங் நாத்திக நூல்களைக் களைந்துவிட வேண்டும் என்றார். பின்னாளில் பெரும் பேச்சாளராகப் புகழ்பெற்ற டேனியல் வெப்ஸ்டரும் எதிர்த்து வாக்களித்தார். ஆதரவு 81, எதிர்ப்பு 71. பத்தே வாக்கு வித்தியாசத்தில் மசோதா தப்பியது. 1815 ஜனவரி 30 அன்று அதிபர் மேடிசன் கையெழுத்திட்டார். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ஆனால் அந்தச் செய்தி இன்னும் கடல் கடந்து வந்து சேரவில்லை. போர் முடிந்ததா என்று தெரியாத நேரத்தில், கஜானா வற்றிக் கிடந்த நேரத்தில், ஒரு நாடு புத்தகம் வாங்கியது.

கிங் சொன்னபடி நூல்களைக் களைந்திருந்தால் இது வழக்கறிஞர் அறைக்கு ஏற்ற சிறு நூலகமாகவே நின்றிருக்கும். எதையும் களையாமல், ஒட்டுமொத்தமாக வாங்கியதால் தத்துவமும் வேளாண்மையும் இசையும் இலக்கியமும் உள்ளே வந்தன. நினைவாற்றல், பகுத்தறிவு, கற்பனை என்னும் மூன்று பெரும் பிரிவுகளில் 44 பகுதிகளாக ஜெஃபர்சன் தம் நூல்களைப் பகுத்திருந்தார். அந்தப் பகுப்பே அந்த நூற்றாண்டின் இறுதிவரை நூலகத்தின் பகுப்பாக நீடித்தது.

பழைய போட்டியாளர் ஆடம்ஸ் இந்தச் செய்தி கேட்டு, இந்த அழியாப் பெருமைக்காக உம்மேல் எனக்குப் பொறாமை என்ற பொருளில் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதினார். நின்றுபோயிருந்த நட்பு 1812இல் மீண்டும் துளிர்த்திருந்தது. 1822இல் ஆடம்ஸ் தம் நூல்களைச் சொந்த ஊரான குயின்சிக்கு எழுதி வைத்தார். இருவரும் ஒரே நாளில், 1826 ஜூலை 4 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில் காலமானார்கள்.

நாற்காலிச் சண்டைகள்

ஜெஃபர்சனின் நூல்களை வரவேற்று அடுக்கியவர் மூன்றாம் நூலகர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன். 1829இல் ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபரானதும் அவரை நீக்கி ஜான் சில்வா மீஹனை அமர்த்தினார். வென்ற கட்சி தன் ஆட்களுக்குப் பதவிகளைப் பங்கிடும் வழக்கம் வேரூன்றிய காலம் அது. மீஹன் 32 ஆண்டுகள் இருந்தார். 1861இல் ஆபிரகாம் லிங்கன் வந்ததும் அவருக்குப் பதிலாக இந்தியானாவைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்டீவன்சனை நியமித்தார். நூலகம் பற்றிய அறிவுக்காக அல்ல, கட்சிக்கு உழைத்ததற்காகவே அந்தப் பதவி. உள்நாட்டுப் போர் நடந்த அந்த ஆண்டுகளில் போர்க்கலை நூல்களை இங்கிருந்து இரவல் வாங்கிப் படித்த வாசகர் லிங்கனே. ஸ்டீவன்சனோ போர்க்களத்துக்கே போய்விட்டார்.

இதற்கிடையே இன்னொரு தீ. 1851 டிசம்பர் 24 அன்று பழுதான புகைபோக்கி ஒன்றிலிருந்து பற்றிய நெருப்பு, 55,000 நூல்களில் 35,000 நூல்களை விழுங்கியது. ஜெஃபர்சன் கொடுத்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அதில் போயிற்று. இம்முறை குறை சொல்ல அந்நியப் படை இல்லை. கட்டடக் கலைஞர் தாமஸ் வால்டர் முழுக்க இரும்பாலான அறை ஒன்றை வடிவமைத்தார். 1853இல் அது திறக்கப்பட்டது.

ஸ்மித்சோனியனோடு போட்டி

நாட்டின் தேசிய நூலகம் எது என்ற கேள்வி அப்போது விடையில்லாமல் கிடந்தது. ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் விட்டுச் சென்ற சொத்தில் 1846இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் பிறந்தது. அதன் நூலகர் சார்லஸ் ஜூவெட், அங்கே தேசிய நூலகம் அமைய வேண்டும் என்று கனவு கண்டார். நிறுவனத்தின் செயலர் ஜோசப் ஹென்றியோ இயற்பியல் அறிஞர். கிடைக்கும் வருவாய் ஆராய்ச்சிக்கே போக வேண்டும், புத்தகம் வாங்குவதில் கரையக் கூடாது என்றார். இருவருமே தத்தம் அளவில் நியாயவான்கள். 1854 ஜூலையில் ஹென்றி ஜூவெட்டைப் பணிநீக்கம் செய்தார். 1865 தொடக்கத்தில் ஸ்மித்சோனியன் கட்டடமும் தீப்பிடித்தது. அடுத்த ஆண்டு அதன் 40,000 நூல்கள் காங்கிரஸ் நூலகத்துக்கு மாறின.

அந்த வாய்ப்பைக் கண்டுகொண்டு பற்றியவர் எய்ன்ஸ்வொர்த் ஸ்பாஃபர்டு. சின்சினாட்டியில் புத்தக வணிகமும் பத்திரிகைத் தொழிலும் செய்தவர். போர்ச் செய்தி சேகரிக்க வாஷிங்டன் வந்து, ஸ்டீவன்சனின் உதவியாளராகி, 1864 இறுதியில் நூலகரானார். 1867இல் பீட்டர் ஃபோர்ஸ் சேர்த்திருந்த அமெரிக்க வரலாற்றுத் தொகுப்பை ஒரு லட்சம் டாலருக்கு வாங்க வைத்தார். விடுதலைப் போர்க் காலத்துப் பத்திரிகைகளும் துண்டு வெளியீடுகளும் மூட்டை மூட்டையாக வந்தன. அரசரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் எழுதிய தாள்கள் அதில் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன.

அவர் செய்த பெருஞ்செயல் 1870 ஜூலை 8இன் காப்புரிமைச் சட்டம். காப்புரிமை கோரும் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு படிகள் இந்த நூலகத்துக்கு வர வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அதுவரை யாரோ தேர்ந்தெடுத்து வாங்கிய நூல்களே உள்ளே வந்தன. இனி எந்தக் கட்சி, எந்தக் கொள்கை என்று பாராமல் நாட்டில் அச்சானவை தாமாகவே வந்து சேரும் நிலை உண்டாயிற்று. என் கணிப்பில் இந்த நிறுவனத்தின் வரலாற்றில் 1815க்கு அடுத்த பெரிய திருப்பம் இதுதான்.

இரும்பு அறை நிரம்பி வழிந்தது. கேப்பிடல் மாளிகையின் தரையெல்லாம் புத்தகக் குவியல். புதிய கட்டடம் வேண்டும் என்று ஸ்பாஃபர்டு 1871இலேயே கேட்டார். எங்கே கட்டுவது, எந்தப் பாணியில் கட்டுவது என்று உறுப்பினர்கள் பதினைந்து ஆண்டுகள் வாதாடி 1886இல் அனுமதித்தார்கள். கடைசியில் 1897 நவம்பர் 1 அன்று கட்டடம் வாசகர்களுக்குத் திறந்தது. குதிரை வண்டிகளில் தெருவைக் கடந்து நூல்கள் புது வீடு புகுந்தன. ஸ்பாஃபர்டு பொறுப்பேற்றபோது சுமார் 80,000 ஆக இருந்த நூல்கள் அப்போது எட்டு லட்சத்தைத் தாண்டியிருந்தன. முதிய வயதில் அவர் தலைமைப் பதவியை விட்டிறங்கி, துணை நூலகராகவே இறுதிவரை பணியாற்றினார்.

அவர் 1871இல் பணிக்கு எடுத்த ஓர் இளைஞரைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவு பெறாது. பால்டிமோரில் பிறந்த டேனியல் மர்ரி கறுப்பினத்தவர். ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ அடிமைகளின் உழைப்பில் நடந்த தோட்டம். அங்கிருந்து வந்த நூல்களால் வளர்ந்த நூலகத்தில், அடிமை முறை ஒழிந்து ஆறு ஆண்டுகளில் மர்ரி பணியில் அமர்ந்தார். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காகக் கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களைத் தேடித் தேடிப் பட்டியலிட்டார். அரை நூற்றாண்டு பணியாற்றி, தாம் சேர்த்த துண்டு வெளியீடுகளை நூலகத்துக்கே எழுதி வைத்தார். நூலகம் பல காலம் பாராதிருந்த மனிதர்களின் எழுத்து அவர் கையால் உள்ளே வந்தது.

எல்லை தாண்டிய அலமாரிகள்

1899 முதல் 1939 வரை நாற்பது ஆண்டுகள் நூலகராக இருந்தவர் ஹெர்பர்ட் புட்னம். பாஸ்டன் பொது நூலகத்திலிருந்து வந்தவர். பிற நூலகத்தை நடத்திய அனுபவத்தோடு இந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர். 1901இல் அச்சிட்ட பட்டியல் அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கினார். ஒரு நூலை வாஷிங்டனில் ஒருமுறை பட்டியலிட்டால் போதும். நாடு முழுதும் உள்ள நூலகர்களின் வேலை மிச்சமாயிற்று. ஜெஃபர்சனின் பகுப்புக்குப் பதிலாக எழுத்துகளைக் கொண்ட புதிய பகுப்பு முறை அவர் காலத்தில் உருப்பெற்றது.

1898இல் ஸ்பெயினோடு நடந்த போருக்குப் பின் பிலிப்பைன்சும் புவேர்ட்டோ ரிக்கோவும் அமெரிக்காவின் கைக்குள் வந்திருந்தன. ஆள வந்தவர்களுக்கு அந்தத் தீவுகளைப் பற்றித் தெரிந்தது சொற்பம். 1903இல் பிலிப்பைன்ஸ் நூல்களின் விரிவான பட்டியலை நூலகம் வெளியிட்டது. நாட்டின் கை நீளும் இடத்துக்கெல்லாம் நூலகத்தின் கையும் நீண்டது. 1904இல் ஜெர்மானிய சமஸ்கிருத அறிஞர் ஆல்பிரெக்ட் வெபரின் இந்தியவியல் நூல்களும், 1906இல் சைபீரிய வணிகர் யூதின் சேர்த்த 80,000 நூல்களும் வந்தன. 1914இல் உறுப்பினர்களுக்குத் தகவல் திரட்டித் தரும் தனிப் பிரிவு பிறந்தது. இன்று காங்கிரஸ் ஆய்வுச் சேவை எனப்படும் அந்தப் பிரிவு, ஆளுங்கட்சி உறுப்பினர் கேட்டாலும் எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்டாலும் ஒரே அக்கறையோடு பதில் தர வேண்டும் என்பது அதன் விதி.

விடுதலைப் பிரகடனமும் அரசியல் சாசனமும் 1921இல் நூலகத்தின் காவலுக்கு வந்தன. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின், 1941 டிசம்பர் இறுதியில் அவற்றைக் கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸ் பெட்டகத்துக்கு அனுப்பிப் பாதுகாத்தார்கள். 1814இன் பாடம் மறக்கவில்லை. 1952இல் அவை தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன.

கோதுமை தந்த தமிழ் நூல்கள்

நம்மைத் தொடும் அத்தியாயம் இனிதான். அமெரிக்காவில் தேவைக்கு மேல் விளைந்த தானியத்தை நட்பு நாடுகளுக்கு அந்தந்த நாட்டு நாணயத்திலேயே விற்க 1954இல் ஒரு சட்டம் வந்தது. பி.எல். 480 என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ரஷ்யாவோடு பனிப்போர் முற்றிய நேரம். உணவும் அந்தப் போட்டியில் ஓர் ஆயுதமாக இருந்தது. இந்தியா கோதுமைக்குக் கொடுத்த ரூபாய் இங்கேயே குவிந்தது. 1958இல் சட்டத்தைத் திருத்தி, அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கலாம் என்று வழி செய்தார்கள். 1962இல் புதுதில்லியில் நூலகத்தின் அலுவலகம் திறந்தது.

தமிழில் வந்த நாவல், கவிதை, உரைநூல், சிறுபத்திரிகை எல்லாம் அந்த வழியே கப்பலேறின. ஒரு படி வாஷிங்டனுக்கு. மற்ற படிகள் சிகாகோ, பென்சில்வேனியா, பெர்க்லி போன்ற பல்கலைக்கழகங்களுக்கு. வந்த நூல்களின் பட்டியலும் தொடர்ந்து அச்சாயிற்று. இங்கே முதல் பதிப்போடு நின்றுபோன எத்தனையோ புத்தகங்கள் அங்கே அட்டை கலையாமல் இருக்கின்றன. பின்னாளில் ரூபாய் நிதி தீர்ந்த பிறகும் அந்தப் பல்கலைக்கழகங்கள் தம் பணம் போட்டுத் தொடர்ந்து வாங்கின. 2000இல் தொடங்கி, தில்லி அலுவலகம் தமிழ் உட்படத் தெற்காசிய மொழி எழுத்தாளர்களின் குரலையும் பதிவு செய்து சேர்த்தது. வல்லரசுப் போட்டியில் பிறந்த ஏற்பாடுதான். ஆனாலும் நம் அச்சு மரபைக் காத்ததற்காக நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வெள்ளைப் பெட்டிகள்

2016இல் கார்லா ஹேடன் பதினான்காம் நூலகராகப் பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் கறுப்பினத்தவர். 2025 மே மாதம் அதிபர் டொனால்ட் டிரம்ப்பின் நிர்வாகம் அவரைப் பதவிநீக்கம் செய்தது. 1802இல் விழுந்த முடிச்சும், 1829இல் வாட்டர்ஸ்டனுக்கு நேர்ந்ததும் நினைவுக்கு வருகின்றன. நூலகரின் நாற்காலியை ஆட்சி மாற்றத்தின் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்குவது அன்றும் தவறு, இன்றும் தவறு. இந்த நூலகம் தலைநிமிர்ந்த காலங்களெல்லாம், ஸ்பாஃபர்டும் புட்னமும் போல ஒருவர் ஆட்சிகள் பல மாறியும் அதே நாற்காலியில் நிலைத்திருந்த காலங்களே.

ஜெஃபர்சன் கட்டடத்தில் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. 1815இல் மாண்டிசெல்லோவிலிருந்து வந்த சேகரிப்பை அங்கே மீண்டும் அடுக்கி வருகிறார்கள். தீயில் தப்பிய மூல நூல்கள் ஒருபுறம். எரிந்துபோனவற்றுக்கு ஈடாக அதே ஊரில் அதே ஆண்டு அச்சான பதிப்புகளை உலகெங்கும் தேடி வாங்கிச் சேர்க்கிறார்கள். 1998இல் தொடங்கிய வேலை அது. இன்னும் கிடைக்காத நூல் ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு வெள்ளைப் பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் அன்பர்களே, உங்கள் ஊர் நூலகத்துக்குப் போகும்போது அலமாரிகளை ஒருமுறை நின்று பாருங்கள். நமக்குப் பிடிக்காத கட்சிக்காரர் எழுதிய நூல் இருக்கிறதா, நாம் மறுக்கும் கொள்கையின் நூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். நம் வீட்டில் பழைய தமிழ் நூல் ஏதேனும் செல்லரிக்கக் காத்திருந்தால் அதையும் கொண்டுபோய்ச் சேருங்கள். வெள்ளைப் பெட்டி வைக்க வேண்டிய இடம் நம் அலமாரிகளில் இனி ஒன்றுகூட வேண்டாம்.